கண்டதை எழுதிவைத்தல்

ஆசிரியராயினார் தாம் கொண்ட கருத்தை மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. மாற்றிக்கொண்டமையை ஊரறிய எழுதுதல் அதனினும் அரிது. ஆயினும் கல்லூரித் தாயின் விழா மலரில் உள்ளதை உள்ளவாறு உரைத்தலே முறையாதலின், நாம் ஒரு மாணவரிடம் தோற்ற கதையை இங்கு எழுதத் துணிந்தோம்.

கணினி விளையாட்டென்றால் கண்ணுக்கும் கல்விக்கும் கேடென்பது நம் கொள்கையாய் இருந்தது. உயர்தர வகுப்பில் நாம் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணவர் ஒருவர் மேசைக்குக் கீழே கொப்பியொன்றை மறைத்துவைத்து எழுதிக்கொண்டிருந்தார். வினவியபொழுது, விண்வெளி விளையாட்டொன்றிற் கண்ட விண்மீன்களைக் குறித்துவைப்பதாகச் சொன்னார். கொப்பியைப் பறித்தோம், நாலு வார்த்தை கடுமையாகவும் சொன்னோம்.

அன்று மாலை வீட்டில் அக்கொப்பியைத் திறந்து பார்த்தோம். அடிமட்டம் வைத்துக் கீறிய நிரல்கள். பெயர், இருப்பிடம், சூரியனிலிருந்து தொலைவு, அது யாது, அங்கே ஏன் போகவேண்டும், வழியில் எரிபொருள் கிடைக்குமா, முதலிற் கண்டவர் யார் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. நாற்பதுக்கு மேற்பட்ட பதிவுகள். ஒன்றிலேனும் வெற்றலங்காரம் இல்லை. வேண்டாத சொல் இல்லை. இதே கை நமக்கு எழுதித் தந்த கட்டுரை அரைப்பக்கத்தைத் தாண்டியதில்லை. அவ்வரைப்பக்கத்திலும் பாதி அலங்காரம். மறுநாள் அவரை அழைத்து, இதை யாருக்காக எழுதினீர் என்றோம். “பின்னாலே போகிறவைக்குத் தெரியவேணுமே, சேர்” என்றார். அந்த ஒரு விடையே இக்கட்டுரைக்கு வித்து.

அவ்விளையாட்டின் பெயர் எலீற் டேஞ்சரஸ். டேவிட் பிறேபன், இயன் பெல் என்னும் இருவர் 1984 இல் எலீற் என்னும் பெயரால் ஒரு விளையாட்டை ஆக்கினர். அக்காலக் கணினியின் சிறிய நினைவகத்துள் எட்டு அண்டங்களை, ஒவ்வொன்றிலும் 256 உலகங்களாக, ஒரு கணித விதியினால் அடக்கியது அது. அதன் வழிவந்து 2014 டிசெம்பரில் வெளியானதே இப்புதிய விளையாட்டு. இதனை ஆக்கியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பிரண்டியர் நிறுவனம். இதன்கண் நம் பால்வீதி முழுவதும், ஏறக்குறைய 40,000 கோடி விண்மீன் தொகுதிகளோடு, உண்மை அளவிலேயே அமைக்கப்பட்டுள்ளது. வானியலார் அளந்தறிந்த ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் விண்மீன்கள் அவற்றுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டன. எஞ்சியவற்றை, விண்மீன்கள் தோன்றும் முறைபற்றிய விதிகளைக் கொண்டு கணினியே புனைந்து நிரப்புகிறது.

ஆடுவோர்க்கு ஒரு மரக்கலம்போல ஒரு விண்கலம் உண்டு. அது ஒரு பாய்ச்சலிற் கடப்பது சில பத்து ஒளியாண்டுகளே. பால்வீதியின் நடுவிடமோ ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஆகவே அங்குச் செல்ல நூற்றுக்கணக்கான பாய்ச்சல்கள் வேண்டும். இடைவழியில் எரிபொருளை விண்மீன்களிடமே அள்ளிக்கொள்ளலாம். ஆனால் எல்லா விண்மீன்களிடமும் அன்று. ஓ, பி, ஏ, எப், ஜி, கே, எம் என்னும் ஏழு வகை விண்மீன்களே அதற்கு உதவும். வெண்குறளிகளும் பழுப்புக் குறளிகளும் உதவா. அவற்றிடையே அகப்பட்டு எரிபொருள் தீர்ந்தவர் நடுக்கடலிற் பாய் கிழிந்தவர் போன்றவரே. அத்தகையோரைத் தேடிச்சென்று எரிபொருள் ஊற்றி மீட்பதையே தொண்டாகக் கொண்ட ஆட்டக்காரர் கூட்டமும் ஒன்றுண்டு. ‘எரிபொருள் எலிகள்’ என்று அவர்கள் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர்.

இத்துணைப் பெரிய வெளியில், எங்கே காணத்தக்கது உண்டென எவ்வாறு அறிவது? கணினி புனைந்த தொகுதிகளுக்குக் கணினியே பெயரிடுகிறது. ‘ஈயோல் புரூ ஆர்எஸ்-ரி டி3-94’ என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. இப்பெயர் இருப்பிடத்தைக் குறிக்குமேயன்றிச் சிறப்பைக் குறிக்காது. 2016 இல் பெருந்தொலைவு பாய முயன்று வழிதவறிய ஒரு விண்நிலையத்தை ஆட்டக்காரர் தேடிக் கண்டது இவ்விடத்திலேதான். சூரியனிலிருந்து ஏறக்குறைய 22,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள அவ்விடம், பின்னர்க் கொலோனியா என்னும் குடியேற்றமாய் வளர்ந்தது. மனிதர் சென்று கண்டு சொல்லும்வரை அது கோடிக்கணக்கான குறியீடுகளுள் ஒரு குறியீடு; கண்டு சொன்னபின் அது ஓர் ஊர்.

இதனை உணர்ந்த ஆட்டக்காரர் சிலர், எவரும் ஏவாமலும் எவரிடமும் கூலி பெறாமலும், பால்வீதி வரைபடப் பணி ஒன்றைத் தொடங்கினர். நெபுலா எனப்படும் விண்முகில்கள், கருந்துளைகள், நியூத்திரன் விண்மீன்கள், வியத்தகு கோள்கள் ஆகியவற்றை அவர்கள் தொகுக்கின்றனர். எவரும் ஓரிடத்தை முன்மொழியலாம். ஆனால் இருப்பிடமும் விவரமும் படமும் தரவேண்டும். தொண்டர்கள் அவற்றை ஆராய்வர். தகுதியுடையதாயின் யாவரும் காணும் வரைபடத்தில் ஏற்றுவர். 2019 ஜனவரியில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் ஒன்றுகூடிப் பால்வீதியைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டபொழுது, இத்தகைய பட்டியலே அவர்தம் தங்குமிடங்களை வகுக்கத் துணையாயிற்று.

இது சிறுபிள்ளைகளின் மணல்வீடு என்பாரும் உளர். அன்னார் வானியல் வரலாற்றைச் சற்றே நோக்குவாராக. சாள்ஸ் மெசியே என்பவர் பாரிஸ் நகரில் வால்வெள்ளிகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர். 1758 இல் இடப இராசியில் ஒரு மங்கிய ஒளித்திட்டைக் கண்டு வால்வெள்ளியோ என மயங்கினார். நாட்கள் சென்றும் அது நகரவில்லை. அது விண்முகில். தாம் ஏமாந்ததுபோலப் பிறரும் ஏமாறலாகாதென்று, அத்தகைய நகராத் திட்டுக்களைப் பட்டியலிடத் தொடங்கினார். 1774 இல் வெளியான முதற் பட்டியலில் 45 பொருள்கள்; 1781 அளவில் அது 103 ஆயிற்று. அவர் தேடிக் கண்ட வால்வெள்ளிகளை இன்று நினைப்பார் மிகச் சிலர். ‘இவை நீங்கள் தேடுவன அல்ல’ என்று பிறர் நலம் கருதி எழுதிவைத்த பட்டியலே அவர் பெயரை நிலைநிறுத்தியது. மெசியே 1, மெசியே 42 என இன்றும் உலகம் வழங்குகிறது. நாம் கூறும் விளையாட்டிலும் அவ்விண்முகில்கள் உள்ளன.

பட்டியலிடுவாரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கும் மெசியேயின் ஏடே சான்று. அவர் 47 ஆம் எண்ணிற் குறித்த விண்மீன் கூட்டம், அவர் சொன்ன இடத்தில் நெடுங்காலம் காணப்படவில்லை. கணக்கிடுங்கால் கூட்டற் குறிக்கும் கழித்தற் குறிக்கும் நேர்ந்த மாறாட்டமே அதற்குக் காரணமென்பது 20 ஆம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. ஒரு சிறு குறி பிழைத்தது. ஒரு விண்மீன் கூட்டமே காணாமற் போயிற்று. ஒற்றெழுத்தில் என்ன இருக்கிறது என்று நம்மை வினவும் மாணவர்க்கு இதனை விடையாகச் சொல்லிவருகின்றோம்.

மெசியேக்குப் பின் வில்லியம் ஹேர்ஷல், அவர்தம் தங்கையார் கரோலைன் ஹேர்ஷல் என்போர் இரவிரவாகக் கண்விழித்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விண்முகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் குறித்தனர். அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்திலிருந்த டிறேயர் 1888 இல் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து 7,840 பொருள்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். ஹார்வாட்டில் ஆனி ஜம்ப் கனன் என்னும் அம்மையார், செவிப்புலன் பெரிதும் குன்றியவராயிருந்தும், விண்மீன்களின் நிறமாலைகளை ஒவ்வொன்றாக நோக்கி வகைப்படுத்தினார். 1918 தொடக்கம் 1924 வரை வெளியான அப்பட்டியலில் 225,300 விண்மீன்கள் உள. எரிபொருள் அள்ளுதற்கு நம் மாணவர் மனனம் செய்த ஏழு எழுத்துக்கள் அவ்வம்மையார் ஒழுங்குபடுத்தி நிலைநாட்டிய வரிசையே. அவரது பெயரை அம்மாணவர் அறிந்திலர். நாமும் அதுவரை அறிந்திலேம். இருவருமாகத் தேடிப் படித்தோம்.

இனி நாம் வற்புறுத்த விரும்பும் கருத்துக்கு வருவோம். அவ்விளையாட்டில் இருவகைப் புகழ் உண்டு. ஒருவரும் காணாத விண்மீனை முதலில் ஆராய்ந்தவரின் பெயர் அதன்மேற் பொறிக்கப்படும். பின்வருவார் யாவரும் அப்பெயரைக் காண்பர். இது ஒரு புகழ். ஒன்றைக் கண்டு, அதன் சிறப்பை ஆராய்ந்து, போகும் வழியையும் எழுதிப் பொதுப்பட்டியலிற் சேர்த்தல் மற்றொரு புகழ். முன்னதனால் ஒருவர் பெயர் பெறுகிறார். பின்னதனால் பலர் பயன் பெறுகின்றனர். முன்னது குற்றமென்று நாம் சொல்லவில்லை. இளையோர்க்கு அவ்வேட்கை இயல்பு. ஆயினும் பெயர் பொறித்தவர் ஆயிரவர் இருக்க, வழி எழுதியவர் சிலரே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அவ்விளையாட்டின் விதியொன்று நம் உள்ளத்தைத் தைத்தது. எத்தனை ஆயிரம் விண்மீன்களைக் கண்டிருப்பினும், கண்ட விவரத்தை ஒரு நிலையத்திற் கொண்டுவந்து ஒப்படைத்தாலன்றி அது கணக்கில் வாராது. ஒப்படைக்குமுன் கலம் அழிந்ததாயின், கண்டதெல்லாம் அதனோடு அழியும். மாதக்கணக்கிற் பயணம்செய்து ஈற்றுப் பாய்ச்சலில் யாவற்றையும் இழந்தோர் உண்டாம். இதைக் கேட்டபொழுது, எழுதாமலும் சொல்லாமலும் மறைந்த நம் முதியோரை நினைத்தோம். எத்தனை வைத்திய முறைகள், எத்தனை பாட வேறுபாடுகள், எத்தனை ஊர்க்கதைகள் ஒப்படைக்கப்படாமலே அழிந்தன!

இவ்விடத்தில் நாம் தலைகுனிந்த நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். நிகண்டும் ஒரு பட்டியலே என்று மாணவர்க்குப் பெருமையோடு எடுத்துரைத்தோம். பிங்கலந்தையின் முதற்பகுதி வான் வகை. நாவலர் பெருமான் 1849 இல் சூடாமணி நிகண்டை உரையோடு அச்சிற் பதிப்பித்தார். நம் முன்னோரும் பெயர் தொகுத்தவரே என்றெல்லாம் கூறினோம். இருபத்தேழு நாண்மீன்களின் பெயரையும் வரிசை பிறழாது ஒப்புவித்தோம். அம்மாணவர் யாவற்றையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, “சேர், இதிலே கேட்டை எது? வானத்திலே எந்தப் பக்கம்?” என்றார். நமக்கு விடை தெரியவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு அப்பெயரைக் கற்பித்துவிட்டோம். ஒரு நாளேனும் அண்ணாந்து அதனைக் கண்டிலோம்.

பெயர் இருந்தது, இடம் இல்லை. நிகண்டு செய்தாரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர் சொல்லுக்குப் பட்டியல் செய்தார், விண்மீனுக்கு அன்று. முற்றத்திற் பாய் விரித்துக் கிடந்து, ‘அதோ, அது’ என்று விரல்நீட்டிக் காட்டுவார் அக்காலத்து வீடுதோறும் இருந்தனர். பெயர் ஏட்டில் நின்றது. இடம் விரலில் நின்றது. விரல் போனபின் ஏடு மட்டும் எஞ்சிற்று. ஆதலினாலேயே, அறியாதவர் ஒருவர் தாமே அவ்விடத்தை அடையுமாறு எழுதப்பட்ட பட்டியலே முழுமையான பட்டியல் என்கின்றோம். நாம் தமிழ் பயிற்றப்பட்ட ஆசிரியர். அவர் பதினேழு வயதினர். அப்பாடத்தை நமக்குக் கற்பித்தவர் அவரே.

கேட்டையை அவர்தம் விளையாட்டின் வரைபடத்தில் இருவருமாகத் தேடிக் கண்டோம். மேலைநாட்டார் அன்ராறெஸ் என வழங்கும் செந்நிறப் பேருருவ விண்மீனே அது. திருவாதிரை பீற்றல்யூஸ், உரோகிணி அல்டெபரான், மகம் ரெகியூலஸ், சித்திரை ஸ்பைக்கா, அகத்தியன் கனோப்பஸ். கொப்பியில் ‘தமிழ்ப் பெயர்’ என்று புதிய நிரல் ஒன்று ஏறியது.

ஆயினும் பாராட்டோடு அமைதல் ஆசிரியர் கடனன்று. அக்கொப்பியில் ஒரு பெருங்குறை இருந்தது. வானியலார் அளந்தறிந்த விண்மீனும் கணினி புனைந்த விண்மீனும் வேறுபாடின்றி அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. மெசியே 42 உண்மை. அதற்கு அடுத்த வரியிலிருந்த விண்முகிலோ கணினியின் கற்பனை. ஆட்டத்துக்குள் இரண்டும் ஒன்றே; அறிவுக்கு ஒன்றல்ல. மேலும், விளையாட்டிற் காணும் விண்முகில்கள் அந்திவானத்து முகில்போலத் திரண்டு தோன்றுகின்றன. உண்மை விண்முகில்களோ நம் ஆய்வுகூடங்களில் ஆக்கும் வெற்றிடத்தினும் ஐதானவை. அவற்றுள்ளே நிற்பார்க்கு அத்தகைய காட்சி தோன்றாது.

விளையாட்டை ஆக்கியோரும் உண்மைக்கு இடங்கொடுத்தனர் என்பதைக் கூறவேண்டும். 2017 பெப்ரவரியில், ஏறக்குறைய 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள திறப்பிஸ்ற்-1 என்னும் மங்கிய விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்னும் செய்தி வெளியானபொழுது, அவர்கள் தம் விண்வெளியை அதற்கேற்பத் திருத்தி அமைத்தனர். புனைவு, உண்மைக்கு வழிவிட்டு ஒதுங்கியது. அதுவே முறை. ஐரோப்பியரின் கையா விண்கலம் அளந்த விண்மீன்கள், 2022 இல் வெளியான அதன் மூன்றாம் பட்டியலில் 180 கோடியளவின. 2025 இல் அக்கலத்தின் பணி முடிந்தது. 180 கோடி பெருந்தொகையே. ஆனால் 40,000 கோடிக்கு முன் அது இருநூற்றில் ஒரு பங்கும் ஆகாது. எஞ்சிய இருளைக் கற்பனையால் நிரப்புதல் பிழையன்று. நிரப்பியது கற்பனை என்பதை மறத்தலே பிழை. இதனை எடுத்துச்சொன்னோம். மறுவாரமே கொப்பியில் ‘மெய்’, ‘புனைவு’ என்னும் நிரல் தோன்றியது. அந்நிரலை நிரப்புதற்கு அவர் விளையாட்டை விட்டுப் புத்தகங்களைத் தேடவேண்டியதாயிற்று. நாம் விரும்பியதும் அதுவே.

பெற்றோர் நம்மை முனியாதிருப்பாராக. இரவெல்லாம் ஆடுக என்று நாம் சொல்லவில்லை. பரீட்சையை மறந்து பால்வீதியில் அலைவாரை நாம் ஆதரியோம். எல்லா வீட்டிலும் கணினி இல்லை என்பதையும் அறிவோம். நாம் போற்றுவது ஆட்டத்தையன்று. கண்டதை ஒழுங்காக எழுதி, காணாதவர்க்கு வழிவிடும் பழக்கத்தை. அதற்குக் கணினியும் வேண்டா. நம் விளையாட்டு மைதானமும் ஒரு கொப்பியும் போதும்.

இறைவன் நம்மை வைத்த இடம் அதற்கு வாய்ப்பானது. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அணித்தாகையால், வடக்கே அடிவானத்தருகில் துருவ மீனையும், தெற்கே அகத்தியனையும் தென்சிலுவையையும் இங்கிருந்தே காணலாம். மெசியே பாரிஸ் நகரில் வாழ்நாளெல்லாம் கண்விழித்தும் அகத்தியனை அங்கிருந்து கண்டிருக்க முடியாது. அது அவ்வூரில் உதிப்பதில்லை. நாமோ தைமாத இரவில் வாசலில் நின்று தெற்கே நோக்கினாற் போதும்.

நம் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நீவிர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பரந்து வாழ்கின்றீர். ஆண்டுதோறும் இக்கல்லூரிக்குப் பொருள் உதவுகின்றீர், அதற்கு நன்றியுடையோம். இம்முறை பொருளன்றிப் பிறிதொன்று கேட்கின்றோம். கல்லூரிக்கென ஒரு விண்மீன் ஏடு தொடங்கவுள்ளோம். தமிழ்ப் பெயர், பிறநாட்டுப் பெயர், காணும் திசை, மாதம், நேரம், கண்டவர் என்பன அதன் நிரல்கள். ரொறன்ரோவில் இருப்பவர் அகத்தியனைக் காணார். மெல்பேணில் இருப்பவர் துருவ மீனைக் காணார். ஒருவர் காணாததை மற்றவர் எழுதினால் வானம் முழுவதும் ஓர் ஏட்டில் அடங்கும். கண்ணாற் கண்டதை மட்டும் எழுதுக. காணாததைக் கண்டதாக எழுதற்க.

ஏட்டின் முதற் பதிவு ஏறிவிட்டது. ஓர் ஆவணி மாத மாலையில், மைதானத்தின் தென்பால் மாணவர் சிலரோடு நின்று நாம் கண்ட கேட்டையே அது. திசையும் நேரமும் அம்மாணவர் கைப்பட எழுதினார். கண்டவர் என்னும் நிரலில் நம் பெயரை முதலில் எழுதப் புகுந்தவரைத் தடுத்து, அவர் பெயரையே முதலில் எழுதுவித்தோம். பறித்த கொப்பியையும் அன்றே திருப்பிக் கொடுத்தோம்.

வாழ்க கல்லூரி! வளர்க அதன் ஏடு!